ஊர் கூடி இழுக்கும் பூரித் தேர்

தேர்த் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தேர் என்றால் வடம் உண்டு. வடம் என்றால் அதைப் பிடித்து இழுக்கும் மக்கள் உண்டு. ஒருவர் இழுத்தால் தேர் நகராது. ஊர் கூடி இழுத்தால்தான் நகரும்.

நம் நாட்டில் ஆயிரக்கணக்கான கோயில்களில் தேர் ஓடுகிறது. அவற்றில் மிகப் பெரிய கூட்டம் கூடும் தேர்களில் ஒன்று பூரி ஜகந்நாதர் தேர். பூரி என்பது ஒடிசா மாநிலத்தில் கடலோரத்தில் உள்ள ஊர். அந்தத் தேரைச் செய்வது யார்? அதை இழுப்பது யார்? அவ்வளவு பெரிய கூட்டத்தில் போனவர்கள் பத்திரமாக வீடு திரும்புவது எப்படி? இந்தக் கட்டுரையில் இவற்றைப் பார்ப்போம்.

கோயிலும் சாமியும்

பூரி ஜகந்நாதர் கோயில் பழமையானது. 12-ஆம் நூற்றாண்டில் அனந்தவர்மன் சோடகங்க தேவன் என்ற அரசன் இதைக் கட்டத் தொடங்கினான். 'சோட' என்றால் சோழ என்று பொருள். அவனுடைய தாய் ஒரு சோழ இளவரசி. தகப்பன் கங்க வம்சத்து அரசன். இரண்டும் சேர்ந்து சோடகங்கன் ஆயிற்று.

கோயிலில் மூன்று சாமிகள் இருக்கிறார்கள். ஜகந்நாதர், அவருடைய அண்ணன் பலபத்திரர், தங்கை சுபத்திரை. மூன்றும் கல் சிலைகள் அல்ல. வெண்கலச் சிலைகளும் அல்ல. வேப்ப மரத்தில் செய்தவை. பெரிய வட்டமான கண்கள். கைகளும் கால்களும் முழுமையாக இருக்காது.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். இந்திரத்யும்னன் என்ற அரசன் சிலை செய்ய ஒரு தச்சரை அமர்த்தினான். "நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வேன். முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது" என்று தச்சர் சொன்னார். சில நாள் கழித்து உள்ளே சத்தமே இல்லை. தச்சருக்கு என்ன ஆயிற்றோ என்று அரசி பதறினாள். கதவைத் திறந்துவிட்டார்கள். தச்சரைக் காணோம். பாதி முடிந்த சிலைகள் மட்டும் இருந்தன. அப்படியே வைத்து வணங்கினார்கள். அந்த அரசியின் பெயர் குண்டிச்சா.

மரச் சிலை என்றால் நாளாக ஆகப் பழுதாகும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய சிலை செய்கிறார்கள். ஆடி மாதக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வரும் ஆண்டில்தான் இதைச் செய்வார்கள். 1996-ஆம் ஆண்டு அப்படி நடந்தது. அதற்குப் பிறகு 2015-ஆம் ஆண்டு நடந்தது.

சாமிக்குக் காய்ச்சல்

தேருக்கு முன்பே விழா தொடங்கிவிடும். ஆனி மாதத்தை ஒட்டி வரும் பௌர்ணமி நாளில் சாமிகளைக் கோயிலின் மேடைக்குக் கொண்டுவருவார்கள். எல்லோரும் பார்க்கும்படி 108 குடம் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். அன்று சாமிக்கு யானை முக வேடம் போடுவார்கள்.

108 குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? சாமிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது! ஆம், அப்படித்தான் அங்கே நம்பிக்கை. சுமார் 15 நாள் சாமியைப் பார்க்க முடியாது. வழக்கமான சோறு கறி படைப்பதில்லை. பழம், மூலிகை மருந்து இவைதான் கொடுப்பார்கள். அந்த நாட்களில் துணியில் வரைந்த சாமி படங்களை வைத்து வணங்குவார்கள்.

நோயுற்ற சாமியைக் கவனிப்பவர்கள் தைதாபதிகள். விசுவாவசு என்ற சபரர் தலைவனின் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்று சொல்கிறார்கள். சபரர் காட்டில் வாழ்ந்த பழங்குடி மக்கள். ஜகந்நாதரை முதலில் வணங்கியது அந்தக் காட்டு மக்கள்தான் என்பது பூரியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் காய்ச்சல் நாட்களிலும் தேர் நாட்களிலும் சாமிக்குப் பக்கத்தில் நிற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஆண்டுதோறும் புதுத் தேர்

பல கோயில்களில் தேர் ஒன்றுதான் இருக்கும். அதையே ஒவ்வோர் ஆண்டும் அலங்கரித்து ஓட்டுவார்கள். பூரியில் அப்படி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தேர் செய்கிறார்கள். ஒன்று அல்ல, மூன்று தேர்கள்.

ஜகந்நாதர் தேரின் பெயர் நந்திகோஷம். உயரம் சுமார் 45 அடி. 16 சக்கரங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த துணி போர்த்தியிருக்கும்.

பலபத்திரர் தேரின் பெயர் தாளத்துவஜம். உயரம் சுமார் 44 அடி. 14 சக்கரங்கள். சிவப்பும் பச்சையும் கலந்த துணி.

சுபத்திரை தேரின் பெயர் தர்ப்பதலனம். உயரம் சுமார் 43 அடி. 12 சக்கரங்கள். சிவப்பும் கறுப்பும் கலந்த துணி.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 42 சக்கரங்கள். ஒவ்வொரு தேருக்கும் முன்னால் நான்கு மரக் குதிரைகள். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் இருக்கும்.

அட்சய திரிதியை நாளில் தேர் வேலை தொடங்கும். தேரோட்ட நாளுக்குள் முடிய வேண்டும். நடுவில் இருப்பது சுமார் இரண்டு மாதம்தான். மரம் நயாகர் மாவட்டத்தில் தசபல்லா என்ற பகுதிக் காட்டிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் மரங்களை மகாநதி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். இப்போது லாரியில் வருகிறது.

எத்தனை கைகள்!

தேர் தானாக முளைப்பதில்லை. பல தொழிலாளிகளின் உழைப்பு அதில் இருக்கிறது.

தச்சர்கள் மரத்தை அறுத்துச் சக்கரமும் அச்சும் தூணும் செய்கிறார்கள். கொல்லர்கள் இரும்புப் பட்டையும் ஆணியும் அடிக்கிறார்கள். சிற்பிகள் மரத்தில் உருவங்களைச் செதுக்குகிறார்கள். ஓவியர்கள் வண்ணம் தீட்டுகிறார்கள். தையற்காரர்கள் துணி தைக்கிறார்கள். சுமை தூக்குபவர்கள் பெரிய மரங்களை நகர்த்துகிறார்கள். பூரிக்குப் பக்கத்தில் பிப்பிலி என்று ஓர் ஊர் உண்டு. துணிமேல் வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலைக்குப் பெயர் போன ஊர் அது. தேர்த் துணி வேலையிலிருந்து வளர்ந்த கைத்தொழில் அது. இன்று அந்த ஊர்க் குடைகளும் விளக்குக் கூடுகளும் பல ஊர்களில் விற்கின்றன.

ஜகந்நாதர் தேருக்கு மட்டும் 832 மரத் துண்டுகள் வேண்டும் என்று கணக்கு. பலபத்திரர் தேருக்கு 763. சுபத்திரை தேருக்கு 593. மூன்றும் சேர்ந்தால் 2,188 துண்டுகள். ஒன்று அளவு தவறினாலும் மற்றொன்றில் பொருந்தாது. இந்தக் கணக்கைத் தச்சர்கள் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. தாத்தா அப்பாவுக்குச் சொன்னார். அப்பா மகனுக்குச் சொன்னார். முழக்கணக்கு அவர்கள் கையிலும் மனத்திலும் இருக்கிறது. படித்தவருக்குத்தான் அறிவு உண்டு என்று யாராவது சொன்னால், பூரித் தேரைக் காட்டுங்கள்.

விழா முடிந்ததும் தேரைப் பிரித்துவிடுவார்கள். சில பாகங்களை மக்கள் விலைக்கு வாங்குவார்கள். மற்ற மரம் கோயில் சமையலறைக்கு விறகாகப் போகும். அந்தச் சமையலறை மிகப் பெரியது. மண் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகு அடுப்பில் சமைக்கிறார்கள். அந்தப் பிரசாதத்தை எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே நெடுநாளைய வழக்கம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுத் தேர் என்றால் ஆண்டுதோறும் மரம் வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டே இருந்தால் காடு என்ன ஆகும்? அதனால் தேருக்கு வேண்டிய மரங்களை நட்டு வளர்க்கும் வேலையும் ஒடிசாவில் நடக்கிறது. இன்று நட்ட கன்று தேருக்கு ஆக வேண்டுமானால் பல பத்து ஆண்டுகள் ஆகும். நடுபவர் அந்தத் தேரைப் பார்க்கமாட்டார். அவருடைய பேரப் பிள்ளைகள் இழுப்பார்கள்.

அரசன் கையில் துடைப்பம்

தேரோட்டம் ஜூன் மாதப் பிற்பகுதியிலோ ஜூலை மாதத்திலோ வரும். அன்று சாமிகளைக் கோயிலிலிருந்து ஆட்டி ஆட்டி நடத்திக் கொண்டுவருவார்கள். முன்னால் மணியும் மத்தளமும் முழங்கும். பெரும்பாலான கோயில்களில் கருவறையில் உள்ள மூலவர் வெளியே வருவதில்லை. உற்சவர்தான் வீதிக்கு வருவார். பூரியில் மூலவரே வெளியே வருகிறார். இதுதான் இந்த விழாவின் சிறப்பு.

சாமிகள் தேரில் ஏறியதும் பூரி அரசர் வருவார். அவரைக் கஜபதி என்று அழைப்பார்கள். இன்று அவருக்கு ஆட்சி இல்லை. ஆனாலும் அந்த வம்சத்தவர் வந்து ஒரு வேலை செய்ய வேண்டும். என்ன வேலை தெரியுமா? பெருக்கும் வேலை! தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் மூன்று தேர்களின் தளத்தையும் பெருக்குவார். சந்தன நீர் தெளிப்பார். சாமிக்கு முன்னால் அரசனும் ஒரு தொழிலாளிதான் என்பது இதன் பொருள்.

இதைப் பற்றி ஒடிசா மக்கள் ஒரு கதை சொல்வார்கள். அதில் நம் காஞ்சிபுரமும் வருகிறது. புருஷோத்தம தேவன் என்ற ஒடிசா அரசன் காஞ்சி இளவரசியைப் பெண் கேட்டான். "துடைப்பம் பிடித்துப் பெருக்குகிறவனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன்" என்று காஞ்சி அரசன் சொல்லிவிட்டான். கோபம் கொண்ட புருஷோத்தமன் படையோடு போய் வென்றான். இளவரசியைப் பிடித்து வந்தான். "இவளை ஒரு பெருக்குகிறவனுக்கே கட்டிக்கொடுங்கள்" என்று மந்திரிக்கு உத்தரவிட்டான். மந்திரி புத்திசாலி. தேர்த் திருநாள் வரும்வரை பொறுத்திருந்தார். அரசன் துடைப்பத்தோடு தேரைப் பெருக்கும் நேரத்தில் இளவரசியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "அரசே, பெருக்குகிறவர் கிடைத்துவிட்டார்" என்றார். அரசன் அவளையே மணந்துகொண்டான்.

கதை கதையாக இருக்கட்டும். அதில் ஒரு உண்மை இருக்கிறது. பெருக்கும் வேலை இழிவு என்று நினைத்தவன் கதையில் தோற்கிறான். தெருவைப் பெருக்குபவரை நாம் எப்படி நடத்துகிறோம்? ஆண்டுக்கு ஒரு நாள் அரசன் பெருக்கினால் கைதட்டுகிறோம். ஆண்டு முழுவதும் பெருக்குபவருக்கு என்ன மரியாதை தருகிறோம்?

எல்லோருக்கும் தரிசனம்

பூரிக் கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதவர்கள் போக முடியாது. நடக்க முடியாத முதியவர்களும் நோயாளிகளும் உள்ளே போவது கஷ்டம். ஆனால் தேர் நாளில் சாமி தெருவுக்கு வந்துவிடுகிறார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண், பெண், ஏழை, பணக்காரர், எந்தச் சாதி, எந்த மதம் என்ற வேறுபாடு இல்லை. வடத்தையும் யாரும் பிடிக்கலாம்.

17-ஆம் நூற்றாண்டில் சாலபேகர் என்று ஒரு கவிஞர் இருந்தார். அவருடைய தகப்பனார் முஸ்லிம். ஜகந்நாதர்மேல் அவருக்கு அளவில்லாத பக்தி. கோயிலுக்குள் போக அனுமதி இல்லை. தேர் நாளில்தான் சாமியைப் பார்க்க முடியும். ஒரு முறை அவர் வெளியூரிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அவர் வந்து சேரும்வரை ஜகந்நாதர் தேர் நகரவே இல்லையாம். இது மக்கள் சொல்லும் கதை. சாலபேகரின் சமாதி அந்தத் தேர் வீதியிலேயே இருக்கிறது. இன்றும் ஜகந்நாதர் தேர் அந்த இடத்தில் சற்று நின்றுதான் போகிறது. அவர் எழுதிய பக்திப் பாடல்களை ஒடிசா மக்கள் இன்றும் பாடுகிறார்கள்.

போய் வரும் பயணம்

தேர் எங்கே போகிறது? குண்டிச்சா கோயிலுக்குப் போகிறது. கதவைத் திறந்த அரசியின் பெயர் கொண்ட கோயில் அது. தூரம் சுமார் 3 கிலோமீட்டர். தெரு மிக அகலமானது. பலபத்திரர் தேர் முதலில் போகும். சுபத்திரை தேர் நடுவில் போகும். ஜகந்நாதர் தேர் கடைசியில் போகும். பொழுது சாய்ந்தால் இழுப்பதை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலையில் தொடர்வார்கள்.

அங்கே சாமிகள் ஒரு வாரம் தங்குவார்கள். அண்ணனும் தங்கையும் போனார்கள். மனைவி லட்சுமியைக் கூட்டிப்போகவில்லை. லட்சுமிக்குக் கோபம் வராதா? ஐந்தாம் நாள் லட்சுமி அங்கே போகிறாள். கோபத்தில் ஜகந்நாதர் தேரில் ஒரு சிறு துண்டை உடைத்துவிட்டுத் திரும்புகிறாள். இதையும் ஒரு விழாவாக நடத்துகிறார்கள்.

ஒன்பதாம் நாள் தேர்கள் திரும்பி வரும். மறுநாள் தேரில் இருக்கும்போதே சாமிகளுக்குத் தங்க நகைகள் பூட்டுவார்கள். பிறகு சாமிகள் கோயிலுக்குள் போகும்போது லட்சுமி கதவைச் சாத்திவிடுகிறாள். ஜகந்நாதர் ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்கிறார். அதன் பிறகுதான் கதவு திறக்கிறது. வீட்டில் நடக்கும் கோபமும் சமாதானமும் சாமி வீட்டிலும் நடக்கிறது. அதனால்தான் மக்கள் இந்த விழாவைத் தங்கள் வீட்டு விழாவாக நினைக்கிறார்கள்.

கூட்டமும் ஆபத்தும்

பல லட்சம் மக்கள் ஒரே தெருவில் கூடுகிறார்கள். அங்கே பக்தி மட்டும் போதாது. கவனமும் ஒழுங்கும் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி. விடியற்காலை நேரம். குண்டிச்சா கோயிலுக்கு எதிரே மக்கள் தரிசனத்துக்காகக் காத்திருந்தார்கள். திடீரென்று நெரிசல் ஏற்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் காயம் அடைந்தார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. பணம் போன உயிரைத் திருப்பித் தருமா?

நெரிசலில் பெரும்பாலும் எப்படி உயிர் போகிறது? மிதிபட்டுத்தான் என்று நினைக்கிறோம். அது மட்டும் அல்ல. நான்கு பக்கமும் உடல்கள் அழுத்துவதால் நெஞ்சு விரிய முடிவதில்லை. மூச்சு விட முடியாமல் நின்றபடியே உயிர் போகிறது. பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. "கொஞ்சம் தள்ளினால் என்ன?" என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார். எல்லோருடைய தள்ளலும் சேர்ந்து முன்னால் நிற்பவரை நசுக்குகிறது.

வழி அமைப்பதும், கூட்டத்தை அளவோடு விடுவதும், வண்டிகளைத் தள்ளி நிறுத்துவதும் அரசும் கோயில் நிர்வாகமும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்பது மக்களின் உரிமை. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைப்படி பொதுமக்கள் கூட்டம் இல்லாமல் தேர் ஓடியது. 2021-ஆம் ஆண்டும் அப்படியே. உயிரைக் காப்பதற்காக வழக்கத்தைச் சற்று மாற்றலாம் என்று அப்போது நாடே பார்த்தது.

நல்லதும் அங்கே நடக்கிறது. அவ்வளவு நெரிசலிலும் ஆம்புலன்ஸ் வந்தால் தொண்டர்கள் கைகோத்து நின்று வழி ஏற்படுத்துகிறார்கள். லட்சம் பேர் நடுவில் வண்டி போய்விடுகிறது. மக்கள் மனம் வைத்தால் முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் இவற்றை நினைவில் வையுங்கள்.

1. உங்கள் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். உங்கள் பையிலும் ஒன்று வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும் அல்லவா? நீங்களே எழுதுங்கள்.

2. கூட்டத்துக்குள் போகும் முன்பே ஓர் இடம் பேசி வையுங்கள். பிரிந்துவிட்டால் எல்லோரும் அங்கே வந்து சேர வேண்டும்.

3. வழியில் உள்ள பலகைகளைப் படியுங்கள். குடிநீர், மருத்துவ உதவி, வெளியே போகும் வழி எங்கே என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நெரிசலில் மாட்டிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். அப்போது மூச்சு விட இடம் இருக்கும். சிறிது சிறிதாக ஓரத்துக்கு நகருங்கள்.

5. செருப்போ பையோ கீழே விழுந்தால் குனியாதீர்கள். போனால் போகட்டும்.

6. ஓடும் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கனமான தேரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

7. ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காணாமல் போன குழந்தையைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தச்சர் செய்கிறார். கொல்லர் அடிக்கிறார். தையற்காரர் தைக்கிறார். அரசர் பெருக்குகிறார். மக்கள் இழுக்கிறார்கள். ஒருவர் கை விட்டாலும் தேர் முழுமை ஆகாது. வந்தவர் அனைவரும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் தேர் நிலைக்கு வந்தது என்று பொருள்.

பேசிப் பாருங்கள்

பூரியில் எத்தனை தேர்கள்? அவற்றின் பெயர்கள் என்ன?

அரசர் தேரைப் பெருக்குவது நமக்கு என்ன சொல்கிறது?

உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு யார் யார் உழைக்கிறார்கள்? அவர்கள் பெயர்களை எழுதுங்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் கூட்டம் எங்கே அதிகமாக நெருக்குகிறது? அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்? ஊராட்சிக்கு ஒரு மனு எழுதிப் பாருங்கள்.